கத்தாளையின் இன்னொரு பெயர்

டெக்சாஸ் கடற்கரையில் ட்ரவுட் என்று எல்லோரும் சொல்லும் மீன் உண்மையில் ட்ரவுட் அல்ல. நீலகிரியில், அவலாஞ்சிப் பக்கத்துக் குளிரோடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதுதான் அசல் ட்ரவுட். சால்மன் இனத்துக்குச் சொந்தக்காரன். இங்கே மெக்சிகோ வளைகுடாவின் ஓரத்தில், உப்பங்கழிகளில் திரிகிற மீனுக்கு முதுகில் கரும்புள்ளிகள் உண்டு. புள்ளியைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். புலம்பெயர்ந்து வந்தவர்கள் புதிய நிலத்தின் உயிர்களுக்குப் பழைய ஊரின் பெயர்களையே சூட்டிப் பார்ப்பது இயல்புதான். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

ஆனால் எங்கள் நால்வரில் மூத்தவர், மண்டபத்துக்காரர், ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு முதன்முதலாக அந்த மீனைக் கையில் வாங்கியதும், செவுளைத் திறந்து பார்த்து, வாய்க்குள் விரல் விட்டு மேல்தாடையின் இரண்டு கோரைப்பற்களைத் தடவிவிட்டு, "இது கத்தாளை சாதியில்ல தம்பி" என்றார். நாங்கள் சிரித்தோம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. 1830இல் குவியே விவரித்து வைத்த இந்த மீன், கத்தாளைகளின் குடும்பத்தையே சேர்ந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகத் தவறான பெயரில் நடமாடும் ஒருவனை அவர் ஒரே பார்வையில் உறவினனாக அடையாளம் கண்டுவிட்டார். அவருடைய அப்பா கரைவலை இழுத்தவர். எங்களில் மற்ற மூவரும் கடலைச் சுற்றுலாவில் பார்த்தவர்கள்.

அன்றிலிருந்து ஆண்டுக்கொருமுறை, அக்டோபரில், ஹூஸ்டனிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, இருநூறு மைலுக்கு மேல் தெற்கே ஓட்டி, கார்ப்பஸ் கிறிஸ்டிக்கு அப்பால் பாட்ரே தீவின் உட்பக்கத்தில் இறங்குவது எங்கள் வழக்கம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் களப்புக்கு லகுனா மாத்ரே என்று பெயர். சராசரியாக ஆள் இடுப்பளவு ஆழம்தான். பெரிய ஆறு எதுவும் வந்து விழுவதில்லை; மழை குறைவு; வெயில் அதிகம். ஆகவே நீர் கடலைவிட உப்பாக இருக்கும். 1949இல் இதன் நடுவே கப்பல் கால்வாய் வெட்டி முடித்த பிறகு உப்பின் கடுமை ஓரளவு தணிந்தது என்கிறார்கள். அலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இங்கே நீர் ஏறுவதையும் இறங்குவதையும் நிலவைவிடக் காற்றுதான் தீர்மானிக்கிறது. மண்டபத்துக்காரருக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. பாக் நீரிணையின் ஆழமற்ற தண்ணீரையும் அடியில் அசையும் கடற்புல்லையும் பார்த்து வளர்ந்தவர் அவர்.

நாங்கள் இப்போது எழுதுவது 2024 அக்டோபரில் போன பயணத்தைப் பற்றி. அதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். அவருடைய வேலை செப்டம்பரில் போய்விட்டது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் எடுத்துக்கொள்ளவேண்டும், அல்லது வேறு வழி ஏதாவது கிடைக்கவேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். நாங்கள் களப்பில் இறங்கியது அந்த அறுபதில் நாற்பத்தொன்றாம் நாள். காரில் நால்வரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இளையராஜா பாடினார், அணைத்தோம். மறுபடி போட்டோம்.

வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில், அவர் பர்ஸிலிருந்து மீன்பிடி உரிமச் சீட்டை எடுத்துக் காட்டினார். இந்த மாநிலத்தில் ஆண்டு உரிமம் ஆகஸ்டு 31இல் முடியும். செப்டம்பரில் புதிது வாங்கவேண்டும். வேலை போவதற்கு நான்கு நாள் முன்பு வாங்கியிருந்தார். "மனுசன் நவம்பர்ல கிளம்பணும். மீன் பிடிக்கிறதுக்கு மட்டும் அடுத்த ஆகஸ்டு வரைக்கும் இருக்கலாமாம்" என்றார். நாங்கள் சிரிக்கவேண்டுமா என்று தெரியாமல் காபிக் கோப்பைகளுக்கு மூடி தேடினோம்.

விடியும் முன்பே இறங்கினோம். நீரில் நடந்து மீன் பிடிப்பதில் முதல் பாடம் நடப்பதுதான். காலைத் தூக்கி வைக்கக்கூடாது. மணலோடு தேய்த்துத் தேய்த்துப் போகவேண்டும். அடியில் திருக்கைகள் புதைந்து படுத்திருக்கும். தேய்க்கும் அதிர்வு தெரிந்தால் விலகிப் போய்விடும். மேலே மிதித்தால் வாலிலுள்ள முள் கணுக்காலில் இறங்கும். திருக்கை முள் தைத்தால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைக்கவேண்டும் என்பதை மண்டபத்திலும் சொல்வார்கள், இங்கே மருத்துவர்களும் சொல்கிறார்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் காயத்தோடு இறங்கவும் கூடாது. கொடிய கிருமி உண்டு. இத்தனை எச்சரிக்கைகளையும் முதல் வருடம் மனப்பாடம் செய்துகொண்டு போன நாங்கள், இப்போது வயதானவர்கள் வீட்டுக்குள் செருப்பை இழுத்து நடப்பதுபோல் இயல்பாக நடக்கிறோம்.

இரண்டாவது பாடம் மோப்பம். இதை நம்பாதவர்கள் நேரில் வந்தால்தான் நம்புவார்கள். இரையைத் தின்று திளைக்கும் கூட்டம் கக்குவதில் நீரின் மேல் மெல்லிய எண்ணெய்த் திட்டு பரவும். காற்று உங்கள் பக்கம் வீசினால் அறுத்துவைத்த தர்ப்பூசணி வாசம் வரும். உப்புக்காற்றின் நடுவே திடீரென்று தர்ப்பூசணி! அந்த வாசத்தை முதலில் பிடிப்பவர் எப்போதும் அவர்தான்.

சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், தீவின் மணல்மேடுகளுக்கு மேலே வந்தது. செந்தலை வாத்துகள் தூரத்தில் கறுப்புக் கோடாகக் கிடந்தன. வட அமெரிக்காவின் அந்த இனத்தில் பெரும்பகுதி குளிர்காலத்தை இந்தக் களப்பில் கழிக்கிறது. வரத் தொடங்கும் மாதம் அது. கூழைக்கடாக்கள் தாழப் பறந்தன. நாங்கள் முப்பது நாற்பதடி இடைவெளியில், மேற்கே பார்த்து வரிசையாக நின்றோம். ஈயத்தலை வைத்த முள்ளில் ரப்பர்ப் புழு. வீசுவது, கொஞ்சம் அமிழவிடுவது, துள்ளலாகச் சுற்றி இழுப்பது.

எங்களில் ஒருவர் முதல் கடியிலேயே பதறி வெட்டி இழுத்தார். மீன் போய்விட்டது. இந்த மீனுக்கு வாயோரத் தசை மெலிது, காகிதம்போல் கிழியும். "இழுக்காதீங்க. அது போகும்போது விடணும், வரும்போது வாங்கணும்" என்று அவர் ஒவ்வொரு ஆண்டும் சொல்வார், அன்றும் சொன்னார்.

2021 பிப்ரவரியின் உறைபனியை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் வீடுகளில் மின்சாரம் இல்லாமல் குழந்தைகளைப் போர்வைகளில் சுற்றி வைத்திருந்த அதே நாட்களில், ஆழமில்லாத இந்த நீர் வேகமாகக் குளிர்ந்து, டெக்சாஸ் கடற்கரை முழுவதும் 38 லட்சம் மீன்களாவது செத்திருக்கும் என்று அரசுத்துறை கணக்கிட்டது. இந்த மீனுக்கு அடி மிகப் பலமாக விழுந்தது லகுனா மாத்ரேயில்தான். அடுத்த அக்டோபரில் வந்தபோது நாள் முழுக்க நின்று வெறுங்கையோடு திரும்பினோம். பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2024 மார்ச்சிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று. 15 அங்குலத்துக்குக் குறையாமல், 20க்கு மிகாமல். பெரியவை பெரும்பாலும் பெண்கள். அவற்றை விட்டால்தான் கூட்டம் பெருகும். அளவுகோலை இடுப்பில் கட்டிக்கொண்டு மீன் பிடிப்பதை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பார் அவர்.

இனி எழுதவேண்டியதை எழுதத்தான் வேண்டும். வேலை நீக்கப் பட்டியலில் அவருடைய பெயர் இருப்பது எங்களில் ஒருவருக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் என்று எழுதுவதில் உள்ள வசதி அது. வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொன்னால் சொன்னவருடைய வேலையும் போயிருக்கும். அவருக்கும் விசா, அவருக்கும் பள்ளியில் பிள்ளைகள். இவை எல்லாம் உண்மை. அந்த ஒரு வாரத்தில் மண்டபத்துக்காரர் புதிய கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டினார் என்பதும் உண்மை. மற்ற இருவருக்கும் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு நாங்களும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே நாங்கள் என்பது வெறும் வசதி மட்டுமல்ல.

பத்து மணி இருக்கும். காற்று சற்று ஓய்ந்திருந்தது. நீர்மேல் குரல் நன்றாகப் போகும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. எல்லோரும் முன்னால் பார்த்துத்தான் நிற்போம். கரையில் பேசமுடியாததை அங்கே பேசலாம் என்பதை அன்றுதான் கண்டோம்.

"வீட்டை விக்கப் போட்டாச்சு" என்றார், எங்களுக்கா களப்புக்கா என்று தெரியாத குரலில். "பாப்பாதான் அழுவுது. எட்டாம் வகுப்பு. அங்க வந்து தமிழ்ல எழுதச் சொல்லுவாங்களான்னு கேக்குது."

யாரும் எதுவும் சொல்லவில்லை. ரீல் சுற்றும் ஓசை மட்டும். அவர் மறுபடி வீசிவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "முன்னாடியே தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருப்பாங்கல்ல. நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்தான்."

அந்த வாக்கியத்தைப் பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டோம். மன்னிப்பா, அல்லது தெரிந்துகொண்டேன் என்ற அறிவிப்பா? எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அப்போதே பதில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவேண்டியவர் "அண்ணே" என்று தொடங்கியதை நாங்கள் கேட்டோம். அதற்குள் அவருடைய தூண்டில் வளைந்தது.

அவசரப்படவில்லை. போகும்போது விட்டார், வரும்போது வாங்கினார். பதினெட்டு அங்குலம். உறைபனிக்குப் பிறகு பொரித்த குஞ்சாகத்தான் இருக்கவேண்டும். கையில் எடுத்ததும் வயிறு அதிர 'கர்... கர்...' என்று முனகியது. காற்றுப்பையின் மேல் தசையை அதிரவைத்து எழுப்பும் ஒலி. இந்த இனத்தில் ஆண்கள் மட்டுமே எழுப்புவது. "ஆம்பளை. பொலம்புறான் பாரு" என்று சிரித்தார். அதன் பிறகு அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை. நாங்களும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

மதியத்துக்குள் அவருக்கு மூன்று. எங்கள் மூவருக்கும் சேர்த்து இரண்டு. கரையில் மீனை அரிந்தபோது தலைகளை எறியவிடவில்லை. கத்தியின் முனையால் மண்டையைப் பிளந்து, உள்ளேயிருந்து வெண்மையான இரண்டு கற்களை எடுத்தார். கத்தாளைக்குத் தலையில் கல் பெரிதாக இருக்கும். சிறுவயதில் அம்மா குழம்புக்கு முன் எடுத்துத் தருவாராம், தம்பியும் இவரும் விளையாட. விஞ்ஞானிகள் அதை மெலிதாக அறுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் மீனின் வயதை எண்ணுகிறார்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் கற்களைக் கழுவி, உரிமச் சீட்டோடு சேர்த்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

நவம்பரில் கிளம்பினார். கோலையும் ரீலையும் எங்களில் ஒருவர் வீட்டுக் கராஜில் வைத்துவிட்டுப் போனார், அந்த ஒருவர் வீட்டில்தான். கழிவுநீர்க் குழாய் ஓரமாகச் சாய்த்து வைத்தவர், உப்பு ஏறிவிடும், ரீலை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடவேண்டும் என்று வாசலில் நின்று இரண்டு முறை சொன்னார். கழுவினோமா என்று மண்டபத்திலிருந்து இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டார்.