ஒரு சாண் பெட்டி

பாட்டைக் கேட்டு உருகுகிறோம். பாடியவரைப் புகழ்கிறோம். மெட்டுப் போட்டவரையும் மறப்பதில்லை. ஆனால் அந்தக் குரல் நம் காதுக்கு வருமுன் ஒரு சிறு பெட்டிக்குள் நுழைந்து வந்திருக்கிறதே, அதை யாராவது நினைக்கிறோமா?

அதற்கு 'ஈக்வலைஸர்' என்று பெயர். சமப்படுத்துவது என்று அர்த்தம். டெலிபோன் காலத்துப் பெயர் அது. நெடுந்தூரக் கம்பியில் போகும்போது குரலின் மெல்லிய கீச்சு ஓசைகள் தேய்ந்துவிடும். தேய்ந்ததைத் தூக்கிச் சமமாக்கவே அந்தக் கருவி.

லண்டனில் ஒலிப்பதிவு என்ஜினீயராக இருக்கும் என் பிள்ளை ராமுவிடம் போயிருந்தபோது, இந்த ஜாதியில் பேர்போன ஒன்றைப் பார்த்தேன். '1073' என்ற எண்தான் அதற்குப் பெயர். ஒரு சாண் உயரம், மூன்று விரல் அகலம். நீலச் சாம்பல் வர்ணத் தகடு. உச்சியில் சிவப்புக் குமிழ், அதன் கீழே வரிசையாக வேறு குமிழ்கள். ஒலிப்பதிவு மேஜையில் மைக்குக்கு ஒன்றாகச் செருகி வைப்பார்களாம்.

"இதுவா? மின்சார மீட்டர் மாதிரி இருக்கிறதே!" என்றேன். ராமுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

இதன் பின்னால் இருப்பவர் ரூபர்ட் நீவ் என்பவர். 1926-இல் இங்கிலாந்தில் பிறந்து ஆர்ஜென்டினாவில் வளர்ந்தவர். பிள்ளைப் பிராயத்திலேயே ரேடியோ ரிப்பேர் செய்தவர். யுத்தம் முடிந்ததும் பழைய ராணுவ ஆம்புலன்ஸ் ஒன்றில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கோஷ்டிகளைப் பதிவு செய்தாராம். 1964-இல் பிலிப்ஸ் ரிகார்டு கம்பெனிக்கு, முடிந்துபோன பதிவிலேயே ஓசைகளை ஏற்றி இறக்கிச் சீராக்கும் ஈக்வலைஸர்களைச் செய்து கொடுத்தார். வால்வுகளை விட்டு டிரான்ஸிஸ்டர்களுக்கு மாறிய சமயம் அது. அந்த வம்சத்தில், 1970-இல் லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவின் மேஜைக்காகப் பிறந்ததுதான் 1073. நீவ் 2021-இல், 94-ஆம் வயதில் காலமானார். பெட்டி இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

கதை இருக்கட்டும். நான் ஒரு காஸெட்டை எடுத்துப் போயிருந்தேன். 1984-இல் ஓர் இரவு ராமுவுக்கு அவன் அப்பா கதை சொன்னபோது பதிவானது. அவர் குரலாக எங்களிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மேஜை விசிறியின் உறுமலில் பாதி வார்த்தைகள் புரியாது.

ராமு அதைப் பெட்டி வழியாக ஓடவிட்டான். விநாடிக்கு இத்தனை அதிர்வு என்பதுதான் ஓசையின் கணக்கு. நடுக் குமிழில் 360 முதல் 7,200 வரை ஆறு இடங்கள். 3,200-இல் நிறுத்திச் சற்றே ஏற்றினான். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளும் கண்டென்ஸரும் சேர்ந்து அந்த இடத்து ஓசையை மட்டும் தூக்கின. 'ச'வும் 'ட'வும் பளிச்சென்று கேட்டன! 12,000-க்கான குமிழையும் ஏற்றிப் பார்த்தான். டேப்பின் 'உஸ்' சத்தம்தான் பெரிதாயிற்று. உடனே இறக்கிவிட்டான்.

கடைசிக் குமிழ் அடி ஓசையை வெட்டுவது. 160-இல் வைத்ததும் விசிறி அடங்கியது. ஆனால் அவருடைய குரலின் கனமும் போய், யாரோ டெலிபோனில் பேசுவதுபோல் ஆயிற்று. ஆண் குரலின் அஸ்திவாரம் சுமார் 100 அதிர்வில்தான் இருக்கிறது. விசிறி உறுமுவதும் அதே பேட்டையில்தான். 80-க்கு இறக்கினான். குரல் திரும்பி வந்தது. கூடவே விசிறியும் கொஞ்சம் வந்தது.

"எது வேண்டும் அம்மா?" என்றான்.

"விசிறி இருக்கட்டும்டா. அதை உன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வியர்க்க வியர்க்கத்தான் அவர் கதை சொல்வார்."

ராமு வெகு நேரம் பேசவில்லை.

டேப் கசங்கிய இடத்தில் மட்டும் இரண்டு வார்த்தை இல்லை. எந்தக் குமிழைத் திருகியும் வரவில்லை. "இருப்பதை ஏற்றும், இறக்கும், இல்லாததைக் கொடுக்காது அம்மா" என்றான்.

இன்று எல்லார் கையிலும் பதிவு செய்யும் டெலிபோன் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது கிட்டே வைத்துப் பிடித்து வையுங்கள். விசிறி ஓடினாலும் பாதகமில்லை. அதை அடக்கப் பெட்டி இருக்கிறது. பிடித்து வைக்காத குரலுக்குத்தான் பெட்டி இல்லை.