பின்பாரம்

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூட 'லாகர்' முடிந்து வந்தவள் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, நாங்கள் மட்டும் ஏன் ஒருநாளும் காம்பிங் போறேல்லை?"

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கட ஆக்களின் விடுமுறை உங்களுக்குத் தெரியும்தானே. பாரிசில் மாமி வீடு, லண்டனில் சித்தப்பா வீடு, காசு சேர்ந்தால் கனடா. போனால் ஹோலுக்குள் மெத்தை விரித்துப் படுத்துவிட்டு, மூன்று கலியாண வீடும் ஒரு சாமத்திய வீடும் பார்த்துவிட்டு வருவோம். இருபது வருடத்துக்கு மேல் சுவிஸில் இருக்கிறோம். பேர்ண் வீட்டு பல்கனியில் நின்றால் வெளிச்ச நாளில் பனிமலை தெரியும். அந்த மலையடியில் ஒரு இரவு படுத்ததில்லை.

அந்தக் கிழமை அம்மாவோடு போனில் கதைக்கும்போது இதைச் சொன்னேன். அம்மா ஊரில் இருக்கிறா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னா:

"தரப்பாளுக்கை படுக்கிறதுக்கு அங்கை காசும் குடுக்கிறாங்களோ மோனை?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. பக்கத்து வீட்டு மாமாவின் லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் எங்கட இரண்டு வீட்டுச் சாமானும், நெல்லு மூட்டையும், அம்மம்மாவும். மற்ற எல்லாரும் நடை. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா கிளாலி கடந்து வன்னிக்குப் போனா. 1999 இல் நான் இங்கே வந்துவிட்டேன். அவ 2009 வரை எத்தனை இடத்தில் தரப்பாள் கட்டினா என்று எனக்குக் கணக்குத் தெரியாது. கடைசியாகக் கட்டியது செட்டிகுளம் முகாமில். அப்படிப்பட்ட மனுசிக்கு காம்பிங் என்றால் என்ன என்று எப்படி விளங்கப்படுத்துவது?

ஆனால் மகள் விடவில்லை. எனக்கும் கூடாரம் என்றால் மனம் வரவில்லை. ஒரு நடுவழி கண்டுபிடித்தேன்: காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் குசினி. அமெரிக்காவில் 1930களிலேயே சனம் வீட்டுக் கராஜில் இப்படிச் செய்திருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தால் கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும் என்பதால் அதற்கு 'ரியர்ட்ரொப்' என்று பெயர். கரடுமுரடான பாதைக்கும் போகவேண்டும் என்பதால் சில்லைப் பெரிசாக்கி, அடிப்பக்கத்தை உயர்த்திக் கட்டுவதும் உண்டு. கடையில் விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

நான் முதியோர் இல்லமொன்றில் சமையல்காரன். தச்சு வேலை தெரியாது. என்னோடு வேலை செய்கிற ஹவுஸ்வார்ட் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தமையனின் தோட்டத்துக் கொட்டிலில் ஒரு மூலையை, மாதம் 80 பிராங்குக்கு எனக்குப் பிடித்துத் தந்தார். 2022 குளிர்காலம் முழுக்க சனி ஞாயிறு அங்கேதான்.

முதலில் கற்றுக்கொண்ட விசயம், சுவிஸில் சட்டகத்தையே நீங்களாக வெல்டிங் பண்ணிச் செய்ய வெளிக்கிட்டால் கடதாசி வேலையில் களைத்துப்போவீர்கள் என்பது. அச்சு, பிரேக், இணைப்புத் தலை என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி காட்டவேண்டும். அதனால் ஏற்கெனவே பதிவு உள்ள பழைய அன்ஹெங்கர் ஒன்றை 900 பிராங்குக்கு வாங்கினேன். தோட்டவேலைக்காரர் ஒருவர் பாவித்தது. பெரிய சில்லு, நிலத்தில் இருந்து நல்ல உயரம். அதன் மேல் பெட்டியை மட்டும் கட்டுவது என்று முடிவு. கட்டத் தொடங்க முதலே போக்குவரத்து அலுவலகத்துக்குப் படம் கீறி அனுப்பிக் கேட்டேன். அது நான் செய்த புத்தியான வேலை.

இரண்டாவது, பாரம். சாதாரண பி அனுமதிப்பத்திரத்தோடு மொத்த நிறை 750 கிலோ வரையான அன்ஹெங்கரைத் தாராளமாக இழுக்கலாம். அந்த 750 இற்குள்தான் சட்டகம், பெட்டி, மெத்தை, தண்ணி, அரிசிப் பை எல்லாம் அடங்கவேண்டும். என்னுடைய வெறும் சட்டகமே 190 கிலோ. எங்கட ஆக்களுக்கு எதுவும் உறுதியாக இருக்கவேணும். நானும் 15 மில்லிமீற்றர் பலகைதான் வாங்கப் போனேன். ஹவுஸ்வார்ட் சிரித்தார். "நீ என்ன, கோட்டையா கட்டுறாய்?" என்றார்.

இருந்து கணக்குப் பார்த்தோம். 2.5 மீற்றருக்கு 1.25 மீற்றர் பேர்ச் பிளைவூட் ஒன்று, 15 மில்லிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட 32 கிலோ. 9 மில்லிமீற்றர் என்றால் 19 கிலோ. எனக்கு ஐந்து பலகை தேவை. அந்த ஒரு முடிவிலேயே 65 கிலோ மிச்சம். மெல்லிய பலகைக்கு உள்ளே மரச்சட்டம், இடையில் 30 மில்லிமீற்றர் ஸ்ரைரோபோம், வெளியே அலுமினியத் தகடு. மெல்லிய பலகைகள் சேர்ந்து பெட்டியாக ஒட்டியவுடன், ஏறி நின்றாலும் அசையவில்லை. பின்பக்க அடியைச் சாய்வாக வெட்டினோம். மேட்டில் ஏறும்போது வால் நிலத்தில் உரசக்கூடாது என்பதற்காக.

ஈரம் இன்னொரு பிரச்சினை. இரண்டு பேர் பூட்டின பெட்டிக்குள் படுத்தால் மூச்சுக்காற்றே விடிய முதல் சுவரில் தண்ணியாக வடியும். கீழே ஒரு காற்றுத் துளை, மேலே ஒன்று வைத்தேன். குளிர் என்று அதை அடைக்கவே கூடாது. உள்ளே காஸ் அடுப்பு மூட்டவும் கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சமையல் எப்போதும் வெளியே.

2023 ஏப்ரலில் எம்எஃப்கா பரிசோதனை. முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். பிழை என்னுடையதுதான். பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் நம்பர் தகட்டு லைற் மறைந்துவிட்டது. பின்னுக்கு இருக்கவேண்டிய முக்கோணச் சிவப்பு றிஃப்ளெக்டரில் ஒன்றை நான் கழற்றிவிட்டுத் திருப்பிப் பூட்ட மறந்திருந்தேன். இரண்டாம் தடவை சரி. தராசில் ஏற்றினார்கள்: 465 கிலோ. வீட்டுக்கு வந்து அந்தப் பதிவுப் புத்தகத்தைச் சாமித்தட்டில் வைத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பூ வைத்தா.

இனித்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லாத கதை.

மே மாதம் சாமான் முழுக்க ஏற்றிக்கொண்டு தனியாக ஒரு ஓட்டம் பார்த்தேன். பின்குசினியில் 40 லீற்றர் தண்ணி, காஸ், பற்றறி, சட்டி பானை எல்லாம். தூண் நோக்கிப் போகிற நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கு 80 இற்கு வந்ததும் பெட்டி வாலாட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு காரையே பிடித்து உலுப்புகிற மாதிரி. பிரேக்கில் கால் வைக்காமல், மெல்லப் பெற்றோலை விட்டு வேகத்தைக் குறைத்தேன். அது நின்றபோது என்னுடைய கை நின்றபாடில்லை. 2021 ஜனவரியில் இருந்து தகுதியான அன்ஹெங்கரோடு 100 இலும் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. நான் 60 இல் வீடு வந்து சேர்ந்தேன். காற்றுக் காணாதோ, சில்லுப் பிழையோ என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். மகளையும் மனைவியையும் இதில் ஏற்றுவதா என்று நித்திரை வரவில்லை. வித்துவிடுவோமா என்றும் யோசித்தேன்.

அந்த நேரம்தான் அம்மா மூன்று மாத விசாவில் வந்திறங்கினா. பேத்தி அவவைக் கொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மா பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தா. கதவைத் திறக்கவில்லை. உள்ளே எட்டியும் பார்க்கவில்லை. முன்னுக்கு வந்து, காரில் கொழுவுகிற தலையை ஒரு கையால் பிடித்தா. தூக்கினா. எழும்பிவிட்டது!

"தம்பி, இது பின்பாரமெல்லே. எழுபத்திமூண்டு வயசுக் கிழவி ஒரு கையால தூக்குறன்."

நான் அப்படியே நின்றேன்.

"அண்டைக்கு மாமா என்ன சொன்னவர்? பின்னுக்குப் பாரம் கூடினா மெசினைத் தூக்கிப்போடும், நெல்லு மூட்டையை முன்னுக்குப் போடுங்கோ எண்டெல்லே கத்தினவர். நீதானே இறக்கி ஏத்தினனீ. மறந்து போனியே?"

மறந்துதான் போனேன். இரண்டு மூட்டையை அந்த மழைக்குள் இறக்கி முன்பக்கம் மாற்றி ஏற்றினது நான்தான். அம்மம்மாவைப் பின்னுக்கு இருத்தினதும் நினைவில் வந்தது.

வீட்டில் இருந்த குளியலறைத் தராசைக் கொண்டுவந்து இணைப்புத் தலைக்குக் கீழே வைத்தோம். 12 கிலோ காட்டியது. அந்தத் தலை தாங்கக்கூடிய அளவு 75 என்று அதிலேயே குத்தியிருக்கிறது. கனம் அச்சுக்குப் பின்னால் போனால் முன்தலை இலேசாகும். வேகத்தில் பெட்டி தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கும். தண்ணிக் கானை மட்டும் முன்னுக்கு, அச்சுக்கு அந்தப் பக்கம் மாற்றினேன். தராசு 45 காட்டியது. மறுநாள் அதே நெடுஞ்சாலை, அதே 80. பெட்டி நூல் பிடித்த மாதிரி பின்னால் வந்தது.

ஜூலையில் சிம்மென்டால் பக்கம் போனோம். காட்டுப் பாதையில் நினைத்தபடி ஏறி ஓடலாம் என்று நினைக்கவேண்டாம். 1991 ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி காட்டுக்குள்ளும் காட்டு வீதியிலும் காட்டுவேலைக்குத்தான் வாகனம் போகலாம். வெளியே படுப்பதற்கும் கன்ரோனுக்குக் கன்ரோன், ஊருக்கு ஊர் சட்டம் வேறு. நாங்கள் போனது ஹவுஸ்வார்ட்டின் சொந்தக்காரர் ஒருவரின் மேய்ச்சல் நிலத்துக்கு, அவரிடம் கேட்டு. கடைசி இரண்டு கிலோமீற்றர் கல்லும் பள்ளமும். பெரிய சில்லும் சாய்வாக வெட்டின அடியும் அங்கேதான் உதவியது.

"நான் காருக்கை இருக்கிறன்" என்று சொல்லித்தான் அம்மா வந்தவ. பின்கதவைத் தூக்கிக் குசினியை விரித்ததும் இறங்கி வந்து, "அடுப்புக்குக் காத்துப் படுது" என்று இரண்டு கல்லைப் பொறுக்கி மறைப்பு வைத்தா. சோறும் பருப்பும் சம்பலும். மாட்டு மணிச் சத்தம். நிலச் சொந்தக்காரர் ஒரு துண்டு சீஸ் கொண்டுவந்து தந்தார். அம்மா அதைச் சம்பலோடு சாப்பிட்டா.

அப்பம்மாவும் பேத்தியும் பெட்டிக்குள். நானும் மனைவியும் பக்கத்தில் இழுத்துக் கட்டின தரப்பாளுக்குக் கீழே, மடக்குக் கட்டிலில். சாமம் ஒரு மணி போல மழை பிடித்தது. தரப்பாளில் மழை விழுகிற சத்தம் உங்களில் கனபேருக்குத் தெரியும். நான் எழும்பி இருந்துவிட்டேன். நெஞ்சு இடித்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சத்தத்துக்கு உடம்பு எழும்பும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பெட்டிக் கதவு திறந்தது. அம்மா தலையை நீட்டினா.

"தம்பி, நித்திரை வரேல்லையே?"

"ஓமம்மா. உங்களுக்கு?"

"பிள்ளை நல்ல நித்திரை. இது ஒழுகேல்லை மோனை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னா, "நாளைக்கு வீட்டை போகலாம்தானே. பிறகென்ன, படு."

கதவு சாத்துப்பட்டது. நான் விடியும்வரை படுக்கவில்லை. ஆனால் நெஞ்சு இடிப்பது நின்றுவிட்டது. நாங்கள் போக விரும்பும்போது போகலாம், திரும்ப விரும்பும்போது திரும்பலாம். அம்மா சொன்னது அவ்வளவுதான்.

யாராவது செய்ய யோசித்தால் என் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம். பதிவு உள்ள சட்டகத்தை வாங்குங்கள். கட்ட முதல் அலுவலகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பலகையையும் நிறுத்து எழுதுங்கள். நெடுஞ்சாலையில் ஏறுவதென்றால் அன்ஹெங்கருக்கும் தனியாக 40 பிராங் வின்யெற் வேண்டும். சாமான் ஏற்றின பிறகு முன்தலையைத் தராசில் வையுங்கள். தராசு இல்லாவிட்டால் வீட்டில் ஒரு அம்மாவைக் கேளுங்கள்.

எல்லாமாக 4,300 பிராங் போனது, கொட்டில் வாடகை தனி. மகள் அடுத்ததாகக் கொட்ஹார்ட் மலையில் கல்லுப் பதித்த பழைய திரெமோலா வீதியைப் பார்க்கவேணுமாம். 24 வளைவு. யோசிப்போம் என்றிருக்கிறேன்.

அம்மா ஊருக்குப் போய்விட்டா. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் முதலில் பேத்தியைக் கேட்பா. பிறகு ஒவ்வொரு கிழமையும் அதே கேள்வி:

"பெட்டி எங்கை நிக்குது? மழைக்கை விட்டிடாதை, என்ன?"