கராஜுக்குள் கோடா

கிளேட்டனில் இருக்கிறேன் என்று சொன்னால் வேலையிடத்தில் ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரர் சிலர் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். வந்த புதிதில் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. 1980களில் இங்கே 'கிளேட்டன்ஸ்' என்று ஒரு பானம் விற்றதாம். நிறமும் போத்தலும் விஸ்கி மாதிரி, உள்ளே மதுசாரம் மட்டும் கிடையாது. நடிகர் ஜாக் தொம்சன் ரீவியில் வந்து, குடிக்காமல் இருக்கிற நேரத்தில் குடிக்கிற சாமான் இதுதான் என்ற மாதிரி விளம்பரம் செய்வாராம். பானம் மறைந்துவிட்டது. சொல் மட்டும் மிச்சம். பேருக்கு மட்டும் இருக்கிற எதையும் இன்றைக்கும் 'கிளேட்டன்ஸ்' என்பார்கள். அந்தப் பானத்துக்கும் எங்கட சபர்ப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் கிளேட்டனில் ஒருவன் கராஜுக்குள் உண்மையான பியர் போடப் போகிறேன் என்றால் பகிடி விடாமல் விடுவார்களா?

வேலையிடத்துப் பகிடியைச் சமாளிக்கலாம். வீட்டில் மனிசியைச் சமாளிக்கிறதுதான் பாடு. 2024இல் ஏறக்குறைய ஆறு மாதம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நோர்வே ஒன்றும் வரவில்லை, நாங்களே பேசி முடித்தோம். :)

முதலில் விசயம் தெரியாதவர்களுக்கு. இந்த நாட்டில் வீட்டில் பியர் போடுவது சட்டப்படி சரி. ஒரு காலத்தில் 1.15 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பியரை வீட்டில் போடக்கூடாது என்று இருந்தது. 70களின் தொடக்கத்தில் கஃப் விட்லம் அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. விட்லம் என்றால் எங்கட ஆக்களுக்கு வெள்ளை அவுஸ்ரேலியக் கொள்கையின் மிச்சசொச்சத்தைத் துடைத்தவர் என்றுதான் தெரியும். வெள்ளைக்காரத் தொழிலாளி அவரை நினைக்க இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. உன் வீட்டில் போடு, உன் வீட்டில் குடி, விற்காதே. விற்காத வரைக்கும் வரியும் இல்லை. ஆனால் காய்ச்சி வடித்துச் சாராயம் எடுப்பது வேறு கதை. வரித் திணைக்களத்தின் லைசன்ஸ் இல்லாமல் அரைப் போத்தல் வடித்தாலும் குற்றம்தான்.

செய்முறையும் பெரிய வித்தை இல்லை. அடிலெய்ட் கூப்பர்ஸ் கம்பனியின் ரின் ஒன்று 1.7 கிலோ, பார்க்கத் தார் மாதிரி. முளைவிட்ட பார்லியின் சாறும் ஹொப்ஸ் கசப்பும் சேர்ந்து இறுகினது. அதோடு ஒரு கிலோ சீனி வகை. சுடுதண்ணியில் கரைத்து, பச்சைத்தண்ணி விட்டு 23 லீற்றர் ஆக்கி, மேலே ஈஸ்ட் தூவி மூடிவிட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் அது தன் வேலையை முடித்துவிடும். ஹைட்ரோமீற்றரை விட்டுப் பார்த்தால் தொடக்கத்தில் 1.042 காட்டினது 1.010இல் வந்து நிற்கும். வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் 4.2 வீதம். இரண்டு நாள் அதே எண் நின்றால்தான் போத்தலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் போத்தல் வெடிக்கும். முக்கால்வாசி வேலை கழுவுறதுதான். சமையலில் கை வைக்காத ஆம்பிளையள் இரவு பதினொரு மணிக்கு முப்பது போத்தல் கழுவுகிற ஒரே பொழுதுபோக்கு இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் மெல்பேர்ண் கராஜ் தை மாதத்தில் அடுப்பு. ஈஸ்ட்டுக்கு 20 பாகை சுற்றிவரத்தான் பிடிக்கும். 30 தாண்டினால் பியர் மண்ணெண்ணெய்க்குத் தம்பி மாதிரி மணக்கும். ஆகவே ஒரு பழைய பிறிட்ஜ் வேண்டும், வெப்பநிலையைப் பிடித்து வைக்கிற ஒரு சின்னப் பெட்டி வேண்டும், வாளி, குழாய், போத்தல், மூடி. எல்லாம் செக்கன்ட் ஹாண்டாய்ப் பார்த்துக் கூட்டினேன், 430 டொலர் வந்தது.

நான் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டு மனிசிக்கு முன்னால் வைத்தேன். கடையில் 24 போத்தல் பெட்டி ஒன்று 60 டொலர் சொச்சம், அது 9 லீற்றர். பியர் வரி மாசியிலும் ஆவணியிலும் வருசத்துக்கு இரண்டு தரம் விலைவாசியோடு ஏறிக்கொண்டே போகும். (2025 ஆவணி தொடக்கம் இரண்டு வருசத்துக்குக் குழாய்ப் பியருக்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், போத்தலுக்கு இல்லை.) நான் போட்டால் 23 லீற்றர் 30 டொலருக்குள் முடியும். அதையே கடையில் வாங்கினால் 150 டொலருக்கு மேல். நாலு தரம் போட்டால் முதல் திரும்பிவிடும்.

மனிசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியை வாசித்தாள். அவள் எங்கட ஆக்களின் சீட்டொன்றைப் பன்னிரண்டு வருசமாய் ஒரு சதம் பிசகாமல் நடத்துகிறவள்.

"நீங்கள் ஒரு பெட்டி எத்தினை நாளைக்கு வச்சிருப்பியள்?"

"ஒண்டரை மாதம்."

"அப்ப வருசத்துக்கு எட்டுப் பெட்டி. ஐந்நூறு டொலருக்குக் கிட்ட. நீங்கள் நாலு தரம் போட்டால் எத்தினை பெட்டி?"

மனதுக்குள் பெருக்கினேன். பத்துக்கு மேல்.

"அப்ப காசு மிச்சமில்லை, குடிதான் கூடும்," என்று கடதாசியைத் திருப்பித் தந்தாள். சீட்டுக்காரியிடம் கணக்குக் காட்டப் போனவன் கதை இதுதான். என் பெருக்கலில் பிழை ஒன்றும் இல்லை. அவள் பெருக்கினது வேறு ஒன்றை.

பிறகு சரித்திரத்தால் போனேன். கூப்பர்ஸ் கம்பனி தன்னைப் பற்றிச் சொல்கிற கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பக்கத்திலிருந்து வந்த தோமஸ் கூப்பர் என்கிற சப்பாத்துத் தொழிலாளி, வருத்தமாய்க் கிடந்த மனைவிக்குத் தெம்பு வர என்று 1862இல் வீட்டில் பியர் போட்டாராம். அந்தக் குடும்பம்தான் இன்றைக்கும் அந்த மதுசாலையை நடத்துகிறது. "பாரும், மனிசிக்காகத் தொடங்கினதுதான் உந்தக் கம்பனி," என்றேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்றாள்.

பேச்சு இப்படிப் பகிடியாகப் போய்க்கொண்டிருந்ததால் நானும் காசுதான் பிரச்சினை என்று நினைத்து இன்னும் மலிவாய் ஒரு பிறிட்ஜ் தேடிக்கொண்டிருந்தேன். ஆனி மாதம் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. மெத்தனோல் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கார்த்திகையில் லாவோஸ். வாங் வியெங் என்ற இடத்தில் ஆறு உல்லாசப் பயணிகள் அதே மெத்தனோலால் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கட மெல்பேர்ண் பிள்ளைகள், 19 வயது. எங்கள் மகனின் வயது. ஒரு கிழமையாய் வேறு செய்தி இல்லை.

அன்றிரவு அவள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, நீங்கள் செய்யப்போறது கோடா தானே?"

ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பீப்பாவுக்குள் சீனியும் ஈஸ்ட்டும் தண்ணியும் விட்டுப் புளிக்க வைப்பது கோடா. அதைக் காய்ச்சி எடுப்பது கசிப்பு. 'இத்தனை லீற்றர் கோடா பிடிபட்டது' என்று இன்றைக்கும் யாழ்ப்பாணச் செய்திகளில் வரும்.

அவள் சொன்னது ரசாயனப்படி சரி. கராஜில் பியர் போடுவது பாதி வழியில் நிற்பாட்டின கோடாதான். நான் மெத்தனோல் விளக்கம் சொன்னேன். தானியத்தைப் புளிக்க வைத்தால் வருவது எதனோல், மெத்தனோல் வந்தாலும் கணக்கில் எடுக்காத அளவு. கூடுதலாய் வருவது பெக்ரின் உள்ள பழங்களில். மொத்தமாய் ஆக்கள் சாகிற இடங்களில் தொழிற்சாலை மெத்தனோலை யாராவது காசுக்காகக் கலந்திருப்பார்கள். நான் காய்ச்சப் போவதும் இல்லை, கலக்கப் போவதும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கலியாணம் முடித்து இருபத்தைந்து வருசம். மாமா மாரடைப்பில் போனவர் என்றுதான் எனக்குத் தெரியும். 95 ஒக்ரோபர் முப்பதாம் திகதி எல்லாரையும் போல அவர்களும் கடையைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். பிறகு கிளாலியால் வன்னிக்கு. யாழ்ப்பாணத்தில் கொண்டாட்டத்துக்குக்கூடத் தொடாத மனிசன், அங்கே தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த ஒரு வருசத்தில் கசிப்புக்குப் போய்விட்டார். இயக்கம் காய்ச்சுகிறவர்களைப் பிடித்துத் தண்டித்த காலம்தான் அது. என்றாலும் தேடுகிறவருக்குக் கிடைத்தது. பக்கத்துக் காணியில் வைக்கோலுக்குக் கீழே தாட்டு வைத்த நீலப் பிளாஸ்ரிக் பீப்பா. அந்தப் புளிச்ச மணம். அம்மாவின் தோடு, பிறகு சங்கிலி, பிறகு தாலிக்கொடியில் இருந்த காசு. இவள்தான் மூத்தவள். கொண்டுபோய் விற்றுவிட்டு வருவதும், வந்த காசை அப்பாவின் கைக்கு எட்டாமல் எண்ணி ஒளிப்பதும் அவளுடைய வேலை. பதினெட்டு வயதில்.

"நீங்கள் வேண்டிற வாளியும் நீலமோ?" என்று கேட்டாள்.

இல்லை, வெள்ளை, கண்ணாடி மாதிரி உள்ளுக்குத் தெரியும் என்றேன். வேறு என்ன சொல்லலாம் என்று தெரியவில்லை.

இரண்டு மூன்று கிழமை நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. எனக்கு ஏன் இந்த விருப்பம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னுடைய சின்ன வயதில் கள்ளு என்பது பயம் இல்லாத சாமான். பனையில் முட்டி கட்டி, காலையில் இறக்கினால் இனிப்பு, பின்னேரம் புளிப்பு. ஈஸ்ட் வாங்கத் தேவையில்லை, காற்றிலும் முட்டியிலும் இருக்கிறதே போதும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பணி. தவறணையில் பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். எங்கள் தாத்தா தவறணைக்குப் போகமாட்டார், அவருக்குப் போத்தலில் பின்வேலிப் பொட்டால் வரும். கொண்டு வந்தவரை முற்றத்துக்கு விடாமல் அவர் இறக்கின கள்ளை மட்டும் வீட்டுக்குள் விட்ட சனம் நாங்கள். இதைப்பற்றி ஒருநாள் தனிப் பதிவே போடவேண்டும். எழுபதுகளில் கூட்டுறவுச் சங்கம் வந்து தொழிலாளியின் கைக்கு ஏதோ கொஞ்சம் காசு சேரத் தொடங்கியது. அதற்குள் எங்கட பெடியள் பியருக்கு மாறிவிட்டார்கள்.

ஷிப்ற் முடிந்து வந்து, கையால் ஒன்றைச் செய்து, அது பத்து நாளில் தானாக மாறுவதைப் பார்க்கிற ஆசை. அதுதான். இதை அவளுக்குச் சொன்னபோது கடதாசி ஒன்றும் கொண்டு போகவில்லை.

மார்கழி விடுமுறையில் ஒரு நாள் அவளே தன் பங்குக்குக் கடதாசியோடு வந்தாள். காசு ஓவர்ரைமில் இருந்து மட்டும் எடுக்கவேண்டும், வீட்டுக்கடனிலோ ஊருக்கு அனுப்புகிறதிலோ தொடக்கூடாது. நான் எவ்வளவு செலவழிக்கிறேனோ அதே அளவு அவளுடைய தனிக் கணக்குக்குப் போகவேண்டும், எதற்கு என்று நான் கேட்கக்கூடாது. வாளி வீட்டுக்குள் வரக்கூடாது, கராஜ் கதவுக்கு இரண்டு பக்கமும் துணி அடைக்கவேண்டும், மணம் குசினிக்கு வந்தால் அன்றைக்கே நிற்பாட்டு. முதலாவது தரம் போட்டதில் பாதியைப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். கிழமை நாளில் ஒன்றும் திறக்கக்கூடாது. கடைசி வரி தடித்த எழுத்தில்: காய்ச்சுகிற எந்தச் சாமானும் எந்தக் காலத்திலும் வாங்கக்கூடாது.

ஆக 430 டொலர் சாமான் எனக்கு 860 டொலருக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாளி 2025 பங்குனியில் போட்டது. மூடியில் இருக்கிற அடைப்பானுக்குள்ளால் குமிழி களுக் களுக் என்று போக இரண்டாம் நாள் தொடங்கிவிட்டது. அன்று இரவு அவள் கராஜ் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. "இப்பிடியே எத்தினை நாள் சத்தம் போடும்?" என்றாள். நாலைந்து நாள் என்றேன். துணி சரியாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். இதுவரைக்கும் ஒரு வாய்கூட அவள் குடித்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்கிடையில் மகன் இணையத்தில் பார்த்து, போத்தல் கழுவத் தேவையில்லாத கெக் வாங்கலாம் என்று எனக்கு ஆசை காட்டிவிட்டான். வாயுச் சிலிண்டர், குழாய், எல்லாம் சேர்த்து 900 டொலர். ஒப்பந்தப்படி பார்த்தால் 1800. மனு போன கிழமை கொடுத்தேன். சீட்டுக் கொப்பிக்குக் கீழே இருக்கிறது, இன்னும் மறுமொழி இல்லை.