தாரம், களத்திரம், பாரியை

சென்னையில் சமஸ்கிருதத்தைக் கல்லூரிப் பாடமாகப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. பி.காம்., பி.எஸ்சி. மாணவர்கள் முதல் பகுதி மொழிப்பாடமாக எடுத்துக்கொள்வது ஒன்று. மதிப்பெண்ணை எண்ணி வருபவர்களே இதில் அதிகம். மொழித்தாள்கள் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மொழியையே பட்டமாகப் படிப்பது மற்றொன்று. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906-இல் நிறுவிய மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரி இதற்கென்றே தோன்றியது. குப்புசாமி சாஸ்திரி அதன் முதல் முதல்வர்.

பட்டத்துக்குப் படிக்க வருபவருக்குத் தொடக்கத்தில் வாய்க்குத்தான் வேலை. தமிழில் ஒரே ‘க’, அங்கே நான்கு. தமிழில் அச்சான பழைய தோத்திரப் புத்தகங்களில் எழுத்தை ஒட்டி 2, 3, 4 என்று சிறு எண் போட்டு இந்த வேறுபாட்டைக் காட்டுவார்கள். அந்த எண்களோடு வளர்ந்த மாணவருக்குத் தேவநாகரி சீக்கிரம் பிடிபடும். பிறகு சொல்வாய்பாட்டு நூலான சப்தமஞ்சரி. ‘ராம:, ராமௌ, ராமா:’ என ஒருமை, இருமை, பன்மை. எட்டு வேற்றுமைக்கும் மூன்று மூன்றாக 24 இடங்கள். மனப்பாடத்தைப் பழிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த வாய்பாடு நாக்கில் நிற்காதவரால் ஒரு சுலோகத்தையும் தாமே பிரித்துப் படிக்க முடியாது.

தமிழ் மாணவர் உண்மையில் திகைக்கும் இடம் பால். தமிழில் பொருளைப் பார்த்தால் திணையும் பாலும் தெரிந்துவிடும். சமஸ்கிருதத்தில் பால் சொல்லுக்கு உரியது. தாரம், களத்திரம், பாரியை மூன்றும் மனைவியைக் குறிப்பவை என்பது தமிழ் வாசகருக்குத் தெரியும். மூலமொழியில் ‘தார’ ஆண்பால், அதுவும் எப்போதும் பன்மை, ‘களத்ர’ அலிப்பால், ‘பார்யா’ மட்டுமே பெண்பால். ஒரே பெண்ணுக்கு மூன்று பால்! தெரிந்த சொல் வேறு வகையிலும் ஏமாற்றும். அங்கே ‘அவசரம்’ என்றால் தக்க சமயம், ‘உத்தியோகம்’ என்றால் முயற்சி.

தமிழ் இலக்கணம் படித்தவருக்குக் கை கொடுப்பது தொகை. ‘பீதாம்பரம்’ என்பது மஞ்சள் ஆடை. தமிழில் சொன்னால் பண்புத்தொகை. அதே சொல் ‘பீதாம்பர:’ என்று ஆண்பாலில் முடிந்தால் ஆடை பின்னுக்குப் போய், அதை உடுத்திய திருமால் முன்னே வந்து நிற்பார். ஆசிரியர் இதற்குப் பகுவிரீகி என்று பெயர் சொல்லி, விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார். ‘பொற்றொடி வந்தாள்’ என்ற அன்மொழித்தொகையைப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் எதற்கு? துவந்துவத்துக்கு உம்மைத்தொகை இருக்கிறது, விபக்திக்கு வேற்றுமை இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கண நூல் இவ்விரு இலக்கணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இன்றைய வகுப்பறை அந்தப் பாலத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது பெரிய இழப்பு.

பாணினி இதற்குப் பிறகுதான் வருகிறார். ஏறத்தாழ 4,000 சூத்திரங்களை நேரடியாகத் தொடுபவர் குறைவு. பட்டோஜி தீட்சிதர் அவற்றைப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கிய சித்தாந்த கௌமுதியும், அவருடைய மாணவர் வரதராஜர் சுருக்கிய லகு கௌமுதியுமே பாடநூல்கள். ஒரு சொல் எந்தெந்தச் சூத்திரம் பட்டு எப்படி உருவாயிற்று என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். ஒரு படி தவறினாலும் சொல் கிடைக்காது.

இத்தனை பயிற்சியும் ஓலைச்சுவடியின் முன்னால்தான் சோதனைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப்பட்டது பெரும்பாலும் கிரந்த எழுத்தில். தமிழ் அறிந்தவருக்கு ண, த, ய, வ அப்படியே கண்ணில் படும். ஜ, ஷ, ஸ, ஹ அங்கிருந்து வந்தவையே. ஆனால் சுவடியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. வரி முழுவதும் ஒரே சங்கிலி; எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைச் சந்தி தெரிந்தவரால்தான் அறுத்துக் காட்ட முடியும். எந்த நூலின் சுவடி எங்கே இருக்கிறது என்று தொகுக்கும் பேரட்டவணைப் பணியைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935-இல் தொடங்கியது. வே. ராகவன் பதிப்பில் முதல் தொகுதி 1949-இல் வெளிவந்தது. அதில் பெயர் மட்டும் ஏறி, அச்சேறாமல் கிடக்கும் நூல்கள் ஏராளம். அவற்றைப் படித்துப் பதிப்பிக்கக் கிரந்தமும் கௌமுதியும் ஒருங்கே அறிந்தவர்கள் வேண்டும்.