பாறைக்குள்ளிருந்து ஒரு தந்தி!

போடிநாயக்கனூரில் வழி கேட்க வேண்டாம். மூக்கு போதும்! ரயிலடியிலிருந்து ஊருக்குள் நடந்தால், ஏதாவது ஒரு கோடவுன் வாசலில் ஏலக்காய் வாசனை உங்களை நிறுத்தி, "எங்கிட்டு போறீக?" என்று விசாரிக்கும்.

அகலப்பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நின்ற ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. நான் போய் இறங்கியது 2024 மே முதல் வாரம்.

"ரயிலே வந்துருச்சு, நீ இப்பத்தான் வர்றே. வா மாப்ள! இன்னிக்கு ராத்திரி போர் வண்டி வருது. துணைக்கு இரு" என்றார் மாமா.

மாமாவுக்கு முந்தலில், மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர். மாவும் இலவமும். அதைத் தாண்டினால் போடிமெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் ரோடு. அந்தக் கோடையில் மேலே நிழலில் சொகுசாக வளரும் ஏலச் செடிகளே காய்ந்து சருகாகிக் கொண்டிருந்தன. கீழே வெயிலில் நிற்கும் மாமரங்களைக் கேட்க வேண்டுமா?

அத்தை காபி கொண்டு வந்தார். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. செயின் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு போர் 900 அடி போட்டு, புகை மாதிரி வெறும் தூசிதான் வந்ததாம். இது இரண்டாவது. இதிலும் தண்ணீர் இல்லையென்றால் மரங்களை வெட்டி விறகாக விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு லாரிகள் உறுமிக்கொண்டு வந்தன. ஒன்றில் போர் மிஷின், இன்னொன்றில் இருபதடி இருபதடியாக இரும்புக் குழாய்கள். டிரில்லருக்கு ஊர் திருச்செங்கோடு. (வேறெந்த ஊராக இருக்க முடியும்? இந்தியாவில் எங்கே குழி விழுந்தாலும் திருச்செங்கோட்டு வண்டி நிற்கும்!)

எனக்கு ஒரு சந்தேகம். "ஏன் தம்பி, ஐந்நூறு அடிக்குக் கீழே பாறையை உடைக்கணுமே, கரண்ட் எப்படிக் கொடுக்கிறீங்க? ஒயர் விடுவீங்களா?"

டிரில்லர் சிரித்தார். "குழாய் சுத்திக்கிட்டே இருக்குதுங்க சார். ஒயர் விட்டா முறுக்கு புழிஞ்ச மாதிரி ஆயிடும். எல்லாமே காத்துதானுங்க!"

கார் டயருக்குச் சுமார் 30 பவுண்டு காற்றடிக்கிறோம் அல்லவா? கம்ப்ரஸர் அதைப்போலப் பத்து மடங்கு அழுத்தத்தில் குழாய்க்குள் காற்றை அனுப்புகிறது. அடியில் இருக்கும் சுத்தியல் அந்தக் காற்றில் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் அடிக்கிறது. வேலை முடிந்த காற்று சும்மா வருவதில்லை. உடைத்த பாறைத் தூளையும் தூக்கிக்கொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலே வருகிறது. வேலைக்குப் போன ஆளே சேதியும் கொண்டு வருகிறான்!

டிரில்லர் அந்தத் தூளை உள்ளங்கையில் ஏந்துவார், தேய்ப்பார், டார்ச் அடித்துப் பார்ப்பார். சுத்தியல் சத்தத்துக்கும் ஒரு காது. நிறம் மாறினால் பாறை மாறுகிறது. தூசி அடங்கி ஈரமானால் வெடிப்பு வருகிறது. தேங்காயை உருளவிட்டு இடம் குறித்துக் கொடுத்த நீரோட்டக்காரரை விட எனக்கு இந்த ஜோசியம் பிடித்திருந்தது.

எண்ணெய்க் கிணறுகளிலும் இதே கதைதான். அங்கே காற்றுக்குப் பதில் சேற்றுக் குழம்பு. அந்தச் சேறே அடியில் ஒரு குட்டி டர்பைனைச் சுற்றி, அங்கிருக்கும் கருவிகளுக்கு மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். கருவி பக்கத்திலிருக்கும் வால்வை மூடித் திறக்க, சேற்றின் அழுத்தம் துடிக்கும். மேலே அந்தத் துடிப்பைத் தந்தி மாதிரி படித்துக்கொள்கிறார்கள். ஆமை வேகத் தந்திதான். வேகம் வேண்டுமென்று, குழாய்ச் சுவரிலேயே கம்பி பதித்து, ஒவ்வொரு இணைப்பிலும் காயில் வைத்த குழாய்கள் 2000-க்குப் பிறகு விற்பனைக்கு வந்தன. விலை? அத்தை செயினெல்லாம் ஒரு குழாய்க்குக் காணாது!

ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் 1970-ல் ஆரம்பித்து, 1989-ல் 12,262 மீட்டர் வரை துளைத்தார்களே, அங்கேயும் அடியில் பாறையைக் குடைந்த டர்பைனைச் சுற்றியது மேலிருந்து அனுப்பிய சேறுதான்.

இங்கே 200 அடி... 300 அடி... வெறும் கருந்தூள். போடி மேற்கு மலையே சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. கல்கத்தாவை உருவாக்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நம்ம மெட்ராஸ் பக்கத்துக் கல்தான் போனது. அவர் பெயரையே 1893-ல் அந்தக் கல்லுக்கு வைத்துவிட்டார்கள். பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் பார்த்ததும் இந்தக் கெட்டிப் பாறையை நம்பித்தான். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தும், எதிர்ப்பும் வழக்குமாகச் சுரங்கம் குடையப்படவில்லை. விஞ்ஞானிக்குப் பிடித்த பாறை விவசாயிக்கு எமன்!

430 அடியில் தூசி சட்டென்று நின்றது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிடம், புஸ்ஸென்று சேறும் தண்ணீருமாகச் சீறி எல்லோரையும் நனைத்தது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணேகால் இஞ்ச் இருக்குமுங்க" என்றார் டிரில்லர்.

மாமாவுக்கு ஆசை விடவில்லை. "இன்னும் போ தம்பி. ஆயிரம் அடி பார்த்துருவோம்!"

560 அடி வரை போனது. தண்ணீர் கூடவில்லை. டிரில்லர் மிஷினை நிறுத்திவிட்டு, கழுவிய கல் துணுக்குகளை மாமா கையில் கொட்டினார். "பாருங்கய்யா, ஒரே கல்லு. நூறு அடிக்கு மேல மாறவே இல்லை. எனக்கு அடிக் கணக்குல கூலி, ஓட்டுனா எனக்குத்தான் லாபம். ஆனா கல்லு வேண்டாங்குது. நிறுத்திக்கலாமுங்க."

ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். மாமா என்னைப் பார்த்தார், துணுக்குகளைப் பார்த்தார், கடைசியில் அத்தை கழுத்தைப் பார்த்தார். "சரி தம்பி, நிறுத்திரு."

மூன்றாம் நாள் மோட்டார் இறங்கியது. இதற்கு மட்டும் ஒயர் உண்டு. இது சுற்றாத குழாய் அல்லவா! எலெக்ட்ரீஷியன் பேனல் போர்டைக் காட்டி, "தண்ணி வத்துனா மோட்டாருக்குச் சுமை குறையும், ஆம்ஸ் முள்ளு கீழ இறங்கும். உடனே ஆஃப் பண்ணிருங்க" என்றார். கரண்ட் போன வழியிலேயே சேதி வருகிறது, பார்த்தீர்களா?

போன வாரம் போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார். "மாமா எங்கே?"

"வேறெங்க? முள்ளு முன்னாடி உக்காந்திருக்காரு. என் மூஞ்சியை இந்த மாதிரி ஒருநாள் பார்த்திருப்பாரா, கேளு!"

கேட்டேன். செயின் திரும்பி வந்துவிட்டதாம். அந்தச் சேதியை மட்டும் மாமா குரலே சொல்லிவிட்டது.