ஒட்டுத்துணியும் முக்கோணமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் உருவானது. அங்குள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் துணி வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போகின்றன. பக்கத்து ஆவடியில் 1961 முதல் படைவீரருக்கு உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. 2021-இல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் வந்தது. ஆக, நம் மேற்குப் புறநகரில் தையல் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை, வெட்டுத்துணிக்கும் குறைவில்லை. இரண்டையும் சேர்த்து, முதியோர் இல்லத்துக்குப் போர்வைகள் தைத்துக் கொடுப்பதென எங்கள் பங்கின் மாதா சபைப் பெண்கள் முடிவு செய்தபோது, நாங்கள் தேர்ந்துகொண்ட உரு முக்கோணம்.

முக்கோணத்தை முக்கோணமாக வெட்டித் தைக்கலாகாது. கிராஸ் வெட்டில் ரவிக்கை தைத்தவர்களுக்குக் காரணம் தெரியும். நேரிழையில் வெட்டிய துணி அசையாது. கோணலாக வெட்டிய விளிம்போ கைபட்டாலே இழுபடும். ஆகையால் சதுரத்திலேயே தொடங்க வேண்டும். வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் நிறத்தில் ஒன்று. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கி, மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்கு இருபுறமும் இரண்டு நூல் தள்ளித் தையல். (அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது நம் கைவினைஞர் கணக்கு.) தைத்த பிறகுதான் கோட்டின்மேல் கத்தரி வைக்க வேண்டும். விரித்தால், பாதி வெளிரும் பாதி அடரும் சேர்ந்த இரண்டு சதுரங்கள் கிடைக்கும். முடிவில் 4 அங்குலம் நிற்க வேண்டுமானால், முதலில் 4 அங்குலம் 7 நூல் வெட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். சதுரங்களை இணைக்கும்போது முக்கோணத்தின் முனைக்கு மேலே இரண்டு நூல் இடம் விடாவிட்டால், கூர்முனை தையலுக்குள் புதைந்து மழுங்கிவிடும்.

வரிசைக்கு நான்காகப் பதினாறு சதுரங்கள் சேர்ந்தால் 16 அங்குலக் கட்டம் ஒன்று. பன்னிரண்டு கட்டங்கள் சேர்ந்தால் 48-க்கு 64 அங்குல மேல்விரிப்பு. ஆக 192 சதுரங்கள். நம் வெக்கைக்குப் பஞ்சு வேண்டாம் என்று, நைந்த பருத்திப் புடவையையே உள்ளே வைக்கத் தீர்மானித்தோம்.

தடை சொன்னவர் என் மாமியார். சிறுவயதில் கிறிஸ்து பிறப்பு விழாவன்று ஒட்டுப்போட்ட பாவாடையோடு கோயிலுக்குச் சென்று, தூணுக்குப் பின்னால் நின்றே பூசை கண்டவர் அவர். "ஒட்டுத்துணியைத் தானம் என்று கொடுக்காதே, அம்மா. கொடுப்பவளுக்கு அது அலங்காரம், வாங்குபவளுக்கு அது ஒட்டுத்துணிதான்" என்றார்.

அப்பேச்சை எளிதில் தள்ள முடியவில்லை. கழித்ததைக் கொடுப்பதற்கே ஈகை என்று பெயரிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பண்டிகைக்கு முன் பீரோவைக் காலிசெய்து கோயிலில் கொண்டுவந்து வைக்கப்படும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். எனவே சபையில் ஒரு நிபந்தனை விதித்தோம்: தன் வீட்டுக் கட்டிலில் விருந்தாளிக்கு விரிக்கத் தயங்கும் போர்வையை எவரும் கொண்டுவரலாகாது.

எனினும் ஒட்டுத்துணிக்கு எங்கும் இந்தத் தலைகுனிவு இருப்பதாகச் சொல்ல முடியாது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டாரங்களில் 'சித்தி' எனப்படும் மக்கள் வாழ்கிறார்கள். (நம் சிற்றன்னை அல்ல, இது இனத்தின் பெயர்.) ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், அவர்களில் கத்தோலிக்கரும் உளர். அவ்வினப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கையாலேயே தைத்துச் செல்லும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவை உருவும் வைப்பதுண்டு. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து, அடுக்கடுக்காக வைத்துத் தைப்பார்கள். அதன் பெயர் 'ஃபுலா', அதாவது பூ. அந்தப் பூ இல்லாமல் போர்வை நிறைவு பெறுவதில்லை.

மத்தேயு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் நம் ஆண்டவரும் ஒட்டுத் தையலைப் பற்றிப் பேசுகிறார். நனைக்காத புதுத்துணியைப் பழைய ஆடையில் வைத்துத் தைத்தால் கிழிசல் பெரிதாகும் என்பது தையற்காரர் பேச்சு. நாசரேத்து வீட்டில் ஒட்டுப்போடுவதை அருகிருந்து கண்டவரே இதைச் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். நாங்களும் வெட்டுத்துணி முழுவதையும் ஓரிரவு நீரில் ஊறவைத்து, சாயமும் சுருக்கமும் போனபின்பே கத்தரியைத் தொட்டோம்.

முதல் மேல்விரிப்பு முடிந்ததும், உட்துணி வைத்துத் தைக்குமுன், மாமியாரின் கட்டிலில் விரித்து வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக விரலால் தடவிப் பார்த்தார். மூன்றாம் வரிசையில் ஒரு முனை மழுங்கியிருந்தது. "இதை இப்படியேவா கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டு, ஊசியை வாங்கித் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.