கஞ்சிப்பாசியும் பன்னிரண்டு நாளும்

ஜவளகிரிப் பக்கம் தக்காளியும் பீன்ஸும் வைக்கிறவர்களின் மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்து டப்பாக்களோடு கரும்பழுப்பான ஒரு திரவமும் இருக்கும். ‘கடல்பாசி உரம்’ என்பார்கள். பூப்பிடிக்கிற சமயத்தில் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள். தளி, ஓசூர் வட்டாரத்து ரோஜாக் கூடாரங்களிலும் இதைப் பார்க்கலாம். ரமலான் மாதம் வந்துவிட்டால் தேன்கனிக்கோட்டை மளிகைக் கடைகளில் இன்னொரு வகைப் பாசி, வெள்ளை இழைகளாகப் பாக்கெட்டில் தொங்கும். அதற்குச் சைனா கிராஸ் என்று பெயர். யானை இறங்கும் ராகிக் கொல்லைகளின் நாட்டுக்குக் கடல் இப்படி இரண்டு வழியில் வந்து சேர்கிறது.

“செடிக்கு அடிக்கிறோம், நோன்புக்கும் காய்ச்சுறாங்க. அப்ப நாம தினமும் சாப்பிட்டா உடம்புக்கு நல்லதுதானே?” என்று தோட்டக்காரப் பெண்மணி ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் ராமநாதபுரம் கரைக்குப் போனேன்.

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலில் பவளப்பாறை மேல் பாசி வளர்கிறது. பாம்பன் தீவின் சின்னப்பாலம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி வரை பல ஊர்களில் அதை எடுப்பவர்கள் பெண்கள். காலையில் வள்ளம் ஏறினால் திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். நடுவில் உள்ள பொழுதெல்லாம் தண்ணீருக்குள்தான். மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் பற்றியிருக்கும் கொத்தைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பைக்குள் திணித்து, மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடியும் மூழ்குகிறார்கள். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, விரல்களுக்குச் சுற்றிய துணி, காலுக்கு ரப்பர் செருப்பு. இவ்வளவுதான் கருவி.

கரைக்கு வந்த ஒரு அக்கா விரல் துணியை அவிழ்த்துக் காட்டினார். நுனியெல்லாம் கீறல், சில இடங்களில் பழைய தழும்பின் மேலேயே புதுக் கீறல். “கத்தி கித்தி வச்சுக்கலாமே அக்கா?” என்றேன். “கத்திய வச்சா வேரோட வந்துரும் தம்பி. அப்புறம் அடுத்த மாசம் எதைப் பறிக்கிறது?” என்றார்.

முன்பு உலோகத் தகட்டால் சுரண்டியதும் உண்டு. அதைக் கைவிடுவதென்று இவர்களே பேசி முடிவெடுத்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் கடலுக்குப் போவது என்பதும் இவர்கள் வைத்த கட்டுப்பாடுதான். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அந்த நாட்களில் நீர் நன்றாக வற்றுவதால் பாறை கைக்கு எட்டும். மற்ற நாட்களில் பறித்த இடம் தழைக்கும். இந்தத் தீவுக்கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாகப் போன இடத்துக்கு இப்போது அனுமதிச் சிக்கல். கடலைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தாமாகவே நாள் குறைத்து, கருவியைக் கீழே போட்ட பெண்களைக் கடலுக்கு எதிரியாக நிறுத்துவது நியாயமே இல்லை. சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு, தீவுச் சூழலைக் காத்ததற்காக 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அந்தப் பெருமையை இந்தக் கரைப் பெண்கள் எல்லாரும் தங்களுடையதாகவே பேசுகிறார்கள்.

வெயிலில் காயும் குவியல்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அவர்கள் விரலால் தள்ளியே பிரித்துவிடுகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி சிறியது, முடி போன்றது, கிடைப்பது அரிது, விலை அதிகம். உயர்ந்த தர அகர் இதிலிருந்துதான் வருகிறது. கஞ்சிப்பாசி கிளைகிளையாக இருக்கும். உணவுத் தர அகர் இதிலிருந்து. கட்டக்கோரை பழுப்பு நிறம், குவியலில் பெரியது, விலையில் சிறியது. இதிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் துணிக்குச் சாயம் அச்சடிக்கவும் மருந்து செய்யவும் போகிறது.

அகர் என்பது நம் சைனா கிராஸ்தான். பாசியை வேகவைத்து, வடித்து, உறைந்த கூழை உலர்த்தி எடுப்பது. மதுரைப் பக்கத்து ஆலைகளுக்கு இந்தக் கரையிலிருந்து சரக்கு போகிறது. உலகத்தில் எந்த மருத்துவ ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது இதே அகர். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் 1880-களின் தொடக்கத்தில் கிருமி வளர்க்க ஊற்றிய ஜெலட்டின் வெப்பத்தில் உருகி ஓடியபோது, அங்கே பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் பயன்படுத்திய அகரைச் சொன்னார். அகர் உருகக் கொதிநிலைக்கு நெருங்கிய சூடு வேண்டும். உறைவதற்கோ 40 பாகைக்குக் கீழே இறங்கினால் போதும். உறைந்தபின் நம் ஊர் வெயிலிலும் அசையாது.

சமையலுக்கும் அதுவே வசதி. ஒரு லிட்டர் பாலுக்கோ இளநீருக்கோ பத்து கிராம் போதும். இழைகளை ஊறவைத்து, கொஞ்சம் தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாதபடி கரையும்வரை காய்ச்சி, வடிகட்டி, பாலில் கலந்து தட்டில் ஊற்றினால் குளிர்பெட்டி இல்லாமலே உறையும். இளநீர் என்றால் அதைக் கொதிக்கவிடாமல், கரைந்த பாசியை அதில் ஊற்ற வேண்டும். வழுக்கையையும் நறுக்கிப் போடலாம். கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்க இது இல்லாத நாள் குறைவு. விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினைத் தொடாதவர்களுக்கும் தடை கிடையாது.

ஆனால் கரையில் எனக்குக் கிடைத்தது அதற்கும் முந்தைய பண்டம். கஞ்சிப்பாசியை நாலைந்து தண்ணீரில் அலசி, சிப்பித் துண்டும் மணலும் பொறுக்கி, நனைத்து நனைத்து வெயிலில் வெளுக்கவைத்து, அரிசிக் கஞ்சியோடு வேகவைத்துத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்திருந்தார்கள். கொழகொழப்பாக, கடல்வாசம் லேசாக, வயிற்றுக்கு இதமாக இருந்தது. இலங்கையிலும் இந்தக் கஞ்சிக்குப் பழைய வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்து வணிகத்தில் இந்தப் பாசிக்கே சிலோன் மாஸ் என்றுதான் பெயர்.

இனி, அந்தத் தோட்டக்காரப் பெண்மணியின் கேள்வி. பாசியைச் சர்வரோக நிவாரணியாக விற்கிறவர்களை நம்ப வேண்டாம் என்பதே என் முதல் பதில். அகரில் இருப்பது பெரும்பாலும் நார்ச்சத்து. நம் குடல் அதைச் செரிக்காது என்பதால் கலோரி அநேகமாக இல்லை. நீரை இழுத்து மலச்சிக்கலைத் தளர்த்தும். கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சர்க்கரையும் ரோஸ் சிரப்பும் கொட்டிச் செய்தால் அந்த நன்மை பாதி போய்விடும். முழுப்பாசியில் பொட்டாசியம், மக்னீசியம், அயோடின் கிடைக்கின்றன. ஆனால் கால்சியத்துக்காக ஜவளகிரிக்காரர்கள் பாசியைத் தேட வேண்டியதே இல்லை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, களியே போதும்.

அயோடின் விஷயத்தில் கவனம் தேவை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். கடலிலிருந்து தொலைவான மேட்டுநிலத்தில் கழுத்துக்கழலை வராமல் காக்க அயோடின் கலந்த உப்பு போதுமானது. ஜப்பானியர் சாறு எடுக்கும் ‘கொம்பு’ எனப்படும் பாசி போன்ற பழுப்புப் பாசிகளில் ஒரு கிராமிலேயே அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடலாம். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பாசிப் பொடி, பாசி மாத்திரை எடுக்கக் கூடாது. எல்லாப் பாசியும் உணவல்ல. கட்டக்கோரையின் இனத்தைச் சேர்ந்த ஹிஜிகியில் ஆர்செனிக் மிகுந்திருப்பதால் அதை உண்ண வேண்டாமென்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2004-இல் சொன்னது. ஆகவே வாரத்தில் ஓரிரு நாள் சைனா கிராஸோ கஞ்சிப்பாசியோ சாப்பிடலாம். அந்த அளவில் அது நல்ல உணவு.

தோட்டத்தில் தெளிக்கும் உரத்தின் கதை வேறு. கப்பாஃபைகஸ் என்னும் அந்நியப் பாசியைப் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் 1990-களில் மண்டபம் கடற்கரையில் வளர்த்துப் பார்த்தது. பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இறங்கியதால் கரையில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர். பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசியைக் கட்டினால் 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். பிழிந்த சாறு உரமாகிறது, சக்கையிலிருந்து ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகும் கராஜீனன் கிடைக்கிறது. மூழ்காமல் பிழைக்க வழி என்பதால் பல பெண்கள் இதில் சேர்ந்தார்கள். அதே பாசி குருசடைத் தீவின் பவளங்களைப் போர்த்தி மூடுவதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வளர்ப்பை விரிக்க நினைப்பவர்கள் அந்தப் பதிவை முதலில் படிக்க வேண்டும்.

பாட்டிலும் பாக்கெட்டும் உண்பவர் நலத்தைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. எடுப்பவர் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. உப்புநீரில் எரியும் கண், வெட்டுப்பட்ட விரல், மூட்டுவலி, கரையில் ஒதுங்க ஒரு கழிப்பறைகூட இல்லாத அவதி எல்லாம் கேட்டால்தான் சொல்கிறார்கள். உலர்ந்த பாசியைத் தரகர் கிலோவுக்கு எடுக்கிறார்; மண் இருக்கிறது என்று கழித்துக்கொள்கிறார்.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அந்த அக்கா யோசிக்கவே இல்லை. “சாப்பாட்டுக்குப் போற பாசின்னா சுத்தமா காயணும். ரோட்டுல காயப்போட்டா மண்ணும் நாய்முடியும்தான் வரும். எங்க ஊருக்கே ஒரு சிமெண்டு களம், மேல ஒரு கொட்டா, அலச நல்ல தண்ணி. வேற யாரும் வந்து எங்களுக்குப் பாசி எடுக்கச் சொல்லித்தர வேணாம்.”